சூரியகாந்தியும் மக்காச்சோளமும் மட்டும் போதுமா?

தாவரவியல் பாடநூலில் தண்டின் உள்ளமைப்பைக் கூறும் பகுதியைப் பிரித்துப் பாருங்கள். வழக்கமாக இரண்டு படங்கள் இருக்கும். சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டில் வாஸ்குலார் கற்றைகள் வளையமாக நிற்கும். மக்காச்சோளத்தில் அவை சிதறிக் கிடக்கும். வளையம் என்றால் இருவித்திலைத் தாவரம், சிதறல் என்றால் ஒருவித்திலைத் தாவரம் என்று மனப்பாடம் செய்து தேர்வை எழுதிவிடலாம். படங்களில் பிழை இல்லை. ஆனால் பாடத்தை அவற்றோடு முடித்துக்கொள்வது தவறு என்பதே நம் கருத்து. தூத்துக்குடிக் கரையோரத் தாவரங்களைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்ப்போம்.

திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிமணலில் நிற்கும் பனையை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் மாநில மரமான அது ஒருவித்திலைத் தாவரம். கற்றைகள் சிதறியே உள்ளன. ஆனால் மக்காச்சோளப் படம் சொல்லாத ஒரு செய்தி இங்கே இருக்கிறது. வெளிப்புறத்தில் அவை மிக நெருங்கி, தடித்த நார்ச்செல்களின் உறையோடு அமைந்துள்ளன. நடுவில் அருகி, மென்மையான திசுவினிடையே கிடக்கின்றன. அறுத்த பனஞ்சட்டத்தில் தெரியும் கருங்கோடுகள் இக்கற்றைகளே. கூரைக்குச் சட்டம் அறுப்பவர் வெளிவைரத்தை வைத்துக்கொண்டு உட்சோற்றைக் கழிப்பது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? வேம்பில் வைரம் உள்ளே இருக்கும். வேம்பின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால், உணவு வேருக்கு இறங்கும் வழி அறுந்து மரம் பட்டுப்போகும். பனையிலோ அந்த வழி தண்டு முழுவதும் பரவியிருக்கிறது.

தொல்காப்பியத்தின் மரபியல், வெளியே வைரமுள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. நுட்பமான பார்வைதான். அதற்காக வாஸ்குலார் கற்றைகளையே அன்று கண்டுவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவது மிகை. அவர்கள் கண்டது வைரத்தை. அதுவே பெரிய செய்தி.

இனி, விதி தடுமாறும் இடத்துக்கு வருவோம். வீட்டோரம் படரும் மூக்கிரட்டை இருவித்திலைத் தாவரம். அதன் தண்டின் மையத்தில் 2 பெரிய கற்றைகள்; அவற்றைச் சுற்றி 6 முதல் 14 வரை; அதற்கும் வெளியே மற்றொரு வளையம். நாம் சமைக்கும் தண்டுக்கீரையும் இருவித்திலையே. அதிலும் கற்றைகள் சிதறியிருக்கும். சிவப்பு மை கலந்த நீரில் அதை நிறுத்திவைத்து, சில மணி நேரம் கழித்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்.

விதிவிலக்குகள் மாணவரைக் குழப்பும் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. குழப்பத்தைவிடப் பொய்யான உறுதி மோசமானது. ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் வெண்கண்டல் வளர்கிறது. இதுவும் இருவித்திலைத் தாவரமே. இதில் ஒரு கேம்பியம் ஓய்ந்ததும் அதற்கு வெளியே புதிய கேம்பியம் தோன்றுகிறது, பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் உட்புறம் சைலத்தையும் வெளிப்புறம் புளோயத்தையும் உண்டாக்குகிறது. ஆகவே பட்டையை ஒட்டி இருக்கவேண்டிய புளோயம் கட்டைக்குள்ளும் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கிறது. வெட்டிப் பார்த்தால் அழகான வளையங்கள் தெரியும். ஆனால் அவை ஆண்டு வளையங்கள் அல்ல. பாடநூலை நம்பி அவற்றை எண்ணி மரத்துக்கு வயது சொல்பவர் தவறிவிடுவார்; அந்த வயதை வைத்துக் கண்டல் காடு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று கணக்கிட்டால் அதுவும் தவறும்.

அடுத்த பதிப்பில் பனைக்கும் வெண்கண்டலுக்கும் ஆளுக்கொரு படம் சேர்த்தால் ஒரு பக்கம் கூடும், அவ்வளவுதான்.