பத்தில் ஒரு முத்து

பர்ட்டன் ஸ்டைன் 1980இல் இடைக்காலத் தென்னிந்திய அரசு பற்றி எழுதிய நூல் நம் வட்டத்தில் நிறையவே பேசப்பட்டுவிட்டது. நீலகண்ட சாஸ்திரி கட்டிக்காட்டிய மையப்படுத்தப்பட்ட பேரரசை அது குலைத்தது, தேவையான காரியம்தான். மையத்தைவிட்டுத் தள்ளிப்போகப்போக அரசனின் நேரடி அதிகாரம் தேய்ந்து, சடங்கு மேலாண்மை மட்டுமே எஞ்சும் என்பது அவர் வாதத்தின் சாரம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். தூத்துக்குடிக்காரனான எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்: இந்த வரைபடத்துல கடல் எங்கே? ஸ்டைனின் 'நாடு' உழவர் நாடு. உப்புக்காற்று அதற்குள் அதிகம் வீசுவதில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ சொல்வதைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதிவரை முத்துக்குளிப்பு. கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. பெரிய முத்துகள் நாட்டைவிட்டுப் போகக்கூடாது. அரசனே இருமடங்கு விலைக்கு எடுத்துக்கொள்வான். இதில் சடங்கு எங்கே இருக்கிறது? அதிகாரம் தூரத்தைப் பார்த்துத் தேயவில்லை, காசு இருக்கிற இடம் பார்த்துக் கெட்டிப்பட்டிருக்கிறது.

ஆனால் அது மதுரையின் கைதானா? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுவதன்படி, காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் தகியுத்தீனின் பொறுப்பில் இருந்தன. அவர் சகோதரர் ஜமாலுத்தீன், பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து பாண்டியருக்குக் குதிரை அனுப்பியவர். ஒரு குதிரை 220 பொன் தினார். வழியில் செத்தாலும் விலை பாண்டியன் கருவூலத்திலிருந்து வந்தாக வேண்டும்! மதுரைக்கு விளிம்பான காயல் கீஷுக்கு வாசல். பாண்டியன் படை அந்த வாசலை நம்பி நின்றது.

இத்தோடு நிறுத்தி 'விளிம்பே மையம்' என்று கொடி கட்டிவிடலாம். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் பேசித் திரிந்தேன், ஊர்ப்பாசம். போலோவின் அதே பக்கத்தை மறுபடி வாசித்தபோதுதான் உறைத்தது. வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து ஆள் பிடிக்கிறார்கள். சுறாவை மந்திரத்தால் கட்டும் பிராமணருக்கு இருபதில் ஒரு பங்கு. பாரில் இறங்குகிறவனுக்கு? கூலி. அவனுக்குப் பேர்கூடக் கிடையாது. என் கதையிலும் தகியுத்தீனுக்கு இடமிருந்தது, அவனுக்கு இல்லை. சுங்கச்சாவடியை மதுரையிலிருந்து காயலுக்கு மாற்றிவைத்ததுதான் நான் செய்தது.

1530களில் பரவர்கள் தாங்களே கொச்சிக்கு ஆளனுப்பிப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அந்தத் தூதை மதமாற்றத்தின் கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். முத்தில் பங்கு யார் கைக்குப் போனது என்ற கேள்வியோடு அதை முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.