பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஸ்டீரியோ

ஹை-ஃபை என்றால் பங்களாக்காரர்களின் சாமான் என்று நினைப்பவர்கள் எங்கள் தோட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு மாலை எங்கள் காம்பராவுக்கு வரட்டும்! எட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பர் தோட்டம், வெள்ளைக்காரன் காலத்து லயம், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, மேலே தகரம். பாட்டைப் போட்டால் வயலின்கள் இடது சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கின்றன. ஜானகியம்மா நடுவில், சாமிப் படத்துக்கு நேர்கீழே நின்று பாடுகிறார். அந்த இடத்தில் ஸ்பீக்கரே கிடையாது. இரண்டு ஓரத்திலும்தான் இருக்கின்றன. கேட்க வந்தவர்கள் எழுந்துபோய் அந்தச் சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள். எனக்கு அதைப் பார்ப்பதே தனிச் சந்தோஷம்.

இந்தச் செட்டுக்கு நான் ஒதுக்கியது 30,000 ரூபா. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானது, 2024இல் 1,350 ஆனது. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்ற அந்தக் கணக்கில் பார்த்தால் 22 பேருக்கு மேல் போட வேண்டும், அரைப் பேர் ஒன்றுகூட விழாமல். சின்னத் தொகை இல்லை. அதனால்தான் இதைப் பற்றி ஊரைக் கூட்டிச் சொல்லத் தோன்றுகிறது: அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் பஃபலுக்கு, அதாவது ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு, போக வேண்டும். அம்ப்புக்கு மிச்சத்தில் ஒரு பங்கு போதும். பாட்டு போடுவதற்குக் கையில் போன் இருக்கிறது, அதற்குச் சல்லிக்காசு வேண்டாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இதற்கு நேரெதிரான வேதம் ஓதுகிறார்கள். சின்னச் சின்னப் பெட்டிகள் ஐந்து, கீழே நீல விளக்கு எரியும் சப்வூஃபர் ஒன்று. "தம்பி, இது 5000 வாட்" என்றார் கடைக்காரர். "நானா, பின்பக்கத்தைக் கொஞ்சம் திருப்புங்களேன்" என்றேன். தகட்டில் 60 வாட் என்று இருந்தது, அதாவது அது கரண்டில் இழுப்பதே அவ்வளவுதான். முன்பக்கம் ஒட்டியிருப்பது பி.எம்.பி.ஓ. என்ற கற்பனை எண். எந்தச் செட்டையும் வாங்குமுன் திருப்பிப் பாருங்கள், பொய்யெல்லாம் முகப்பில்தான் இருக்கும். நானாவும் சிரித்துவிட்டார், தேத்தண்ணி வாங்கித் தந்தார், நல்ல மனுஷன்.

உண்மையில் எவ்வளவு வாட் வேண்டும்? நடுத்தர பஃபல் ஒன்று 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் அளவு சத்தம் தரும். அதுவே பக்கத்தில் பேசுகிறவரை மூழ்கடிக்கும் சத்தம். 10 வாட் கொடுத்தால் 96. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும், ஆனால் லயம் முழுதும் எழுந்துவிடும். எங்கள் காம்பராவில் பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்கும் கீழேதான் ஓடுகிறது. அப்பா பால் வெட்டுக்காரர். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டோடு கிளம்பிவிடுவார், ராத்திரி வேளைக்கே படுத்துவிடுவார். ஆகவே மெல்ல வைத்தாலும் முழுசாகக் கேட்கிற செட்தான் எனக்கு வேண்டும். சப்வூஃபர் வேண்டவே வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். மெல்லிய ஒலியைச் சுவர் ஓரளவு தடுக்கும், 'தொம் தொம்'மை எந்தச் சுவரும் தடுக்காது. லயத்தில் ஒருவர் சப்வூஃபர் வாங்கினால் பத்து வீட்டுக்குச் சேர்த்து வாங்கியதாகத்தான் அர்த்தம்.

அம்ப்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், உள்ளங்கையில் அடங்குகிறது! கிளாஸ்-டி என்ற வகை. உள்ளே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்யும் டீ.பி.ஏ. 3116 என்ற சிப். பழைய அம்ப்கள் தின்னும் கரண்டில் பெரும்பகுதியை வெறும் சூடாக்கி வீணடிக்கும். இதைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இருக்காது. 4.5 வோல்ட்டிலிருந்து 26 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஓடும். நான் கொடுப்பது பழைய லப்டொப் ஒன்றின் 19 வோல்ட் சார்ஜர். கரண்ட் போனால் 12 வோல்ட் பட்டரி. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த இருட்டு நாட்களில் இது என்னிடம் இல்லாமல் போனதே என்று இப்போது ஏங்குகிறேன்.

பஃபல்தான் இந்தக் கதையின் நாயகன். ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் கடைகளில் தேடினேன். கென்வூட், பயனியர், சன்சுய், ஒன்கியோ என்று எண்பதுகளில் அவர்கள் செய்த பெட்டிகளைத் தூக்கும்போதே தெரிந்துவிடும், கருங்கல் கனம். ஆனால் எச்சரிக்கை ஒன்று: பஃபலை மட்டும் வாங்குங்கள். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நம்முடையது 230. அங்கிருந்து வரும் அம்ப்பை அப்படியே நம் சுவரில் சொருகினால் புகைதான். அதற்கென்று ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வாங்க வேண்டும், அதன் காசை பஃபலில் போடலாம். பஃபலுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது அம்ப் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பாடுகிற சாது.

அடுத்தது, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு. பஞ்சுபோன்ற ஃபோம் விளிம்பு வைத்த பழைய பஃபலை நம் ஊருக்குக் கொண்டுவரவே கூடாது. இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் பக்கமும் அதே ஈரம்தான், தோல் செருப்பே பூஞ்சணம் பிடிக்கிற ஊர். வயசான ஃபோம் இந்த ஈரத்தில் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். றப்பர் விளிம்புள்ளதைத் தேடிப் பிடித்தேன். எங்கள் மலையில் வெட்டும் பாலா அது என்று அப்பா கேட்டார். பெரும்பாலும் செயற்கை றப்பர்தானாம், சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் வாடிப்போனது. பெட்டியின் அடியையும் தடவிப் பாருங்கள். தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் குடித்திருந்தால் ஓரம் ஊதியிருக்கும்.

கடையிலேயே சோதிக்க 1.5 வோல்ட் பட்டரி ஒன்று போதும். பின்னாலுள்ள சிவப்பு, கறுப்பு முனைகளில் ஒரு நொடி தொட்டால் பெரிய கூம்பு 'டக்' என்று அசைய வேண்டும். பட்டரியின் கூட்டல் முனை சிவப்பில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். பிறகு கூம்பை இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அமுக்குங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் சுருள் போய்விட்டது என்று அர்த்தம், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். சின்ன ட்வீட்டரைப் பட்டரியால் சீண்டாதீர்கள், அதைப் பாட்டுப் போட்டுக் கேட்டாலே தெரியும்.

என்ன பாட்டு? கடைக்காரர் போடும் 'டெமோ'வில் எல்லாச் செட்டும் பிரமாதமாகத்தான் இருக்கும். நேரில் எப்படி ஒலிக்கும் என்று நமக்கே தெரிந்த ஒன்றைப் போட வேண்டும். எனக்கு அது தப்பு மேளம். ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பிய அதே தப்பு, காமன் கூத்திலும் திருவிழாவிலும் காதோரத்தில் கேட்டு வளர்ந்தது. நல்ல பதிவு ஒன்று போனில் வைத்திருக்கிறேன். தடித்த குச்சியின் அடியும் மெல்லிய குச்சியின் சுளீரும் தனித்தனியாக விழ வேண்டும், தோல் சூடேறியிருப்பது கேட்க வேண்டும். மோசமான பஃபலில் இரண்டும் கலந்து டின்னைத் தட்டுவதுபோல் ஆகிவிடும். இரண்டாவது சோதனை மனிதக் குரல். இலங்கை வானொலியின் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் இவர்களின் பழைய ஒலிப்பதிவு ஏதாவது கிடைத்தால் போடுங்கள். மூக்கால் பேசுவதுபோல் கேட்டால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

வீட்டுக்கு வந்தபின் செய்த வேலைக்குக் காசே இல்லை, அதிசயம் நடந்ததோ அங்கேதான். பஃபலை மூலையில் ஒட்டி வைத்தால் பாஸ் பொங்கி வழியும். சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்தேன், செங்கல் அடுக்கி ட்வீட்டரைக் காது மட்டத்துக்கு உயர்த்தினேன், நான் உட்காரும் இடமும் இரண்டு பெட்டியும் முக்கோணமாக அமையும்படி திருப்பினேன். பின்சுவருக்குச் சாய்த்து வைத்த மெத்தை எதிரொலியைக் குடித்துக்கொண்டது. பிறகு 1978இல் வந்த 'ப்ரியா' படத்துப் பாடல்களைப் போட்டேன், ஸ்டீரியோவில் பதிவான தொடக்ககாலத் தமிழ்ப் படப்பாடல்களில் சேர்ந்தவை அவை. சின்ன வயதிலிருந்து பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்டுச் சலித்த பாட்டுகள். அவற்றுக்குள் இத்தனை பேர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்! இளையராஜாவின் 1986ஆம் வருஷத்து 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைப் போட்டபோது பக்கத்து வீட்டு அக்கா இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். "தம்பி, பாட்டு முடிஞ்சா திரும்ப முதல்லருந்து போடு" என்று ஒரே கட்டளை.

குறை ஒன்றுதான், மழை. தகரத்தில் அது கொட்டத் தொடங்கினால் உலகத்தின் எந்த விலையுயர்ந்த செட்டும் தோற்றுத்தான் ஆக வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமின்னல் நம் மலைப்பக்கம் எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தூரத்தில் முதல் இடி கேட்டதுமே பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, டிஷ் வயர் செட்டோடு சேர்ந்திருந்தால் அதையும் கழற்றுங்கள். சரணம் எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும் பரவாயில்லை, பிடுங்கிவிடுங்கள்.