ஏதுவும் சாபமும்: மணிமேகலையின் கடல்கோளைக் காரைக்கால்மேட்டுக் கரையிலிருந்து வாசித்தல்

காவிரிப்பூம்பட்டினத்திற்கும் நாகப்பட்டினத்திற்கும் இடைப்பட்ட கரையில் உள்ள மீனவ ஊர் காரைக்கால்மேடு. வடக்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் பூம்புகார். தெற்கே அதனினும் குறைந்த தொலைவில் நாகை. கடல் ஒரு நகரை விழுங்கியதையும் அதற்கான காரணத்தையும் கூறும் மணிமேகலை இக்கரையைக் களமாகக் கொண்ட காப்பியம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊர்களுக்குள் புகுந்ததும் இக்கரையில்தான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரைக்கால்மேடு உள்ளிட்ட காரைக்கால் பகுதி ஊர்களும் பேரிழப்பிற்கு உள்ளாயின.

இத்தகைய அழிவின்பின் இரு வினாக்கள் எழுகின்றன: ‘எதனால் நிகழ்ந்தது?’ என்பது ஒன்று. ‘எங்களுக்கு ஏன் நிகழ்ந்தது?’ என்பது மற்றொன்று. தமிழில் ‘காரணம்’ என்னும் ஒரே சொல் இரண்டிற்கும் விடையாக நிற்பதால் இவற்றின் வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகிறது. வாழ்வில் நிகழ்வன யாவும் காரணத்தோடுதான் நிகழ்கின்றன என்னும் நம்பிக்கை பெரும்பாலும் இந்த மயக்கத்தின் மீதே நிற்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊழ்வினையும், ஊழை 38ஆம் அதிகாரத்திலும் ஆள்வினையுடைமையை 62ஆம் அதிகாரத்திலும் வைத்த குறளின் முரணும் ஆய்வுலகில் மிகுதியாகப் பேசப்பட்டவை. மணிமேகலையின் கடல்கோளோ பெரிதும் வரலாற்றுச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. அது முன்வைக்கும் காரணம் காரணமாக நிற்குமா என்பதை அக்காப்பியத்தின் அளவைகொண்டே சோதிப்பது பயனுடையது.

சாபத்தின் வடிவங்கள்

கதை நன்கு அறியப்பட்டது. நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டு இளவரசி பீலிவளைக்கும் பிறந்த குழந்தை, மணிபல்லவத்திலிருந்து கம்பளச் செட்டியின் மரக்கலத்தில் அனுப்பப்படுகிறது. இரவில் கலம் கவிழ்கிறது, குழந்தை காணாமற்போகிறது. மகனைத் தேடி அலைந்த மன்னன் இந்திர விழாவை மறக்கிறான். சாபத்தால் புகாரைக் கடல் கொள்கிறது.

இச்சாபம் காப்பியத்தில் ஒரே வடிவில் இல்லை என்பது கவனத்திற்குரியது. 28 நாள் விழாவை அறிவிக்கும் விழாவறை காதையில், விழாவை மறந்தால் நாளங்காடிப் பூதம் துன்பம் செய்யும் என்ற எச்சரிக்கையே உள்ளது. அங்குக் கடலைப் பற்றிய பேச்சில்லை. பின்னர், மன்னனுக்குச் சாரணன் உரைத்த முன்னறிவிப்பில் கடல் வருகிறது. மணிமேகலா தெய்வத்தின் வாய்மொழியோடு இந்திரன் சாபமும் சேர்கிறது. தீவதிலகையின் கூற்றில் தெய்வத்தின் சாபம் மட்டுமே எஞ்சுகிறது. சொல்வோர் மாறுந்தோறும் காரணமும் சற்றே மாறுகிறது. இதை ஏடெழுதியோர் பிழை என்றோ இடைச்செருகல் என்றோ ஒதுக்குவது எளிது. ஆனால் அழிவு நிகழ்ந்தபின் பின்னோக்கிக் காரணம் தேடும் சமூகங்களில் காணப்படும் இயல்பும் இதுவே.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. மன்னன் செய்த ‘குற்றம்’ யாது? கடலில் மகனைப் பறிகொடுத்த தந்தை, துயரத்தில் விழாவை மறந்தான் என்பதே. குற்றம் என்று காட்டப்படுவது ஒரு புத்திர சோகம். அதற்குரிய தண்டனையோ அவனைச் சேரவில்லை. நகர் மூழ்க, அவன் தனியனாய் வெளியேறிவிடுகிறான். விழாவை மறக்காதோர் மடிய, மறந்தவன் பிழைக்கிறான். கடலில் கலம் கவிழ்ந்தோரைக் காக்கும் தெய்வமாகச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை போற்றும் மணிமேகலா தெய்வமே இங்குச் சாபமிடுகிறது. இந்த முரண்களைச் சாத்தனார் மறைக்க முயலவில்லை.

அறவணரின் கதையும் அறவணரின் அளவையும்

தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையின் (29) அமைப்பு இவ்விடத்தில் முதன்மை பெறுகிறது. அக்காதையின் தொடக்கத்தில் அறவணர் குழந்தை தொலைந்ததையும் புகார் அழிந்ததையும் மணிமேகலைக்கு உரைக்கிறார். அதே அமர்வில், அதே வாயால், அளவையியலையும் கற்பிக்கிறார். அவர் ஏற்கும் அளவைகள் காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே. ஆகமம் தனி அளவையாகாது. ஆகவே ‘தெய்வம் சொன்னது’ என்பது தன்னளவில் சான்றாகாது. அதுவும் கருத்தளவையின் சோதனைக்கு உட்பட வேண்டும். ஏது ஒன்று செல்லுபடியாக வேண்டுமானால், அது பக்கத்தில் இருத்தல், சபக்கத்தில் இருத்தல், விபக்கத்தில் இல்லாதிருத்தல் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும். இவ்விதிகளை வடமொழி நியாயப் பிரவேசத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பல உள. இவற்றை அக்காதையின் முற்பகுதிக் கதைமீதே பொருத்திப் பார்ப்பது வேறொரு வாசிப்பு.

‘புகார் கடலால் அழிதற்குரியது, விழா மறந்தமையின்’ என்பது மேற்கோளும் ஏதுவும் ஆயின், சபக்கம் எது? விழாவை மறந்து கடல்கோளுக்கு உள்ளான வேறொரு நகரைக் காப்பியம் காட்டவில்லை. விழா மறந்தும் அழியாத நகரையும் காட்டவில்லை. பக்கத்தில் மட்டுமே காணப்பட்டு வேறெங்கும் காணப்படாத ஏதுவை அறவணர் அசாதாரணம் என்கிறார். அது அநைகாந்திகத்தின் ஒரு வகை, அதாவது ஏதுப்போலி. அறவணர் சொல்லும் கதை, அறவணர் கற்பிக்கும் அளவையில் தேறுவதில்லை.

சாபம் என்பது கதைமரபு, அதற்கு அளவை விதி பொருந்தாது எனக் கூறலாம். அவ்வாறாயின் இரண்டையும் ஒரே காதையில் அடுத்தடுத்து வைத்தது ஏன் என்ற வினா எஞ்சும். அதையடுத்த இறுதிக் காதையில் வரும் பன்னிரு நிதானங்களில் பேதைமை முதலாகச் சார்பின் தோன்றும் தொடர் கூறப்படுகிறது. சாபமிடுவோர் எவரும் அங்கில்லை. துன்பம் பொதுவாக எவ்வாறு எழுகிறது என்பதற்கு அது விடை. இந்தக் குழந்தை ஏன் என்பதற்கு அங்கும் விடையில்லை. காப்பியம் அதை விடையாக முன்வைக்கவும் இல்லை.

இந்நூற்றாண்டிற்குச் சற்று முன்னரும் இவ்வகைச் சாபக் காரணம் உரத்து ஒலித்தது. 1934 ஜனவரி 15 அன்று நிகழ்ந்த பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்திற்கான தண்டனை எனக் காந்தியடிகள் அம்மாத இறுதியில் திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமையை எதிர்த்த தாகூரே இதை மறுத்தார்; இயற்கை நிகழ்வின் காரணம் இயற்கையிலேயே இருக்கும் என்பது அவர் வாதம். நோக்கம் உயர்ந்ததாயினும் அங்கும் ஏது அசாதாரணமே. பீகாரில் மட்டுமா தீண்டாமை இருந்தது? தீண்டப்படாதோர் வீடுகளும் அந்நடுக்கத்திற்குத் தப்பவில்லை.

மேடு

‘எதனால்’ என்னும் வினாவை விடாது பற்றியோரின் அணுகுமுறை வேறானது. பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களான கதிரேசன், இராசேந்திரன் ஆகியோர் 2005இல், அலையாத்திக் காடுகள் பிச்சாவரம் பகுதிச் சிற்றூர்களைக் காத்தன என எழுதினர். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீளாய்ந்து, ஊரின் உயரமும் கரையிலிருந்து அதன் தொலைவுமே இறப்பு வேறுபாட்டைப் பெரிதும் விளக்குகின்றன என வாதிட்டனர். சபக்கமும் விபக்கமும் தேடும் இம்முறை அறவணருக்கு அன்னியமானதன்று. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு என இக்கரையின் ஊர்ப்பெயர்களில் ‘மேடு’ மீளமீள வருவதும் இங்கு எண்ணத்தக்கது.

காரணம் பற்றிய பேச்சு பொறுப்பு பற்றிய பேச்சாகவும் மாறுவது இவ்விடத்தில்தான். சுமத்ராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது இந்திய நேரம் காலை 6.29 மணிக்கு, அலை இக்கரையை எட்ட அதன்பின் இரண்டரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஆயிற்று. பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதல் எச்சரிக்கை அமைப்பு இருந்தது. இந்தியாவின் மையம் ஐதராபாத்தில் செயற்படத் தொடங்கியது 2007 அக்டோபரில். ஊழ் என்று சொல்லிவிட்டால் அந்த இரண்டரை மணி நேரம் குறித்து எவரும் விடை கூற வேண்டியதில்லை. மறுபுறம், பிள்ளையை இழந்த தாய் ‘விதி’ என்று சொல்லும்போது அவர் அளவை வாதம் புரியவில்லை. அச்சொல்லை ஏதுப்போலி என்று திறனாய்வாளர் திருத்தப் புகுவது பொருந்தாது. அதே சொல்லை அரசோ சமய பீடமோ சொல்லும்போதுதான் அறவணரின் விதிகள் தேவைப்படுகின்றன.

கடலில் தொலைந்த மன்னன் மகன் என்னவானான் என மணிமேகலை கூறவில்லை. பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் இதையொத்த வேறொரு கதையைத் தருகிறார். அங்குச் சோழன் நாகப்பட்டினத்தைச் சேர்ந்தவன். நாக கன்னி தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்ட குழந்தையைத் திரை கரை சேர்க்கிறது. அதனால் அவன் திரையன் எனப்படுகிறான். அக்கதையில் விழாவும் இல்லை, சாபமும் இல்லை.