இரவல் நூலகமும் ஈமாக்ஸ் பொதியும்

ஈமாக்ஸ் என்னும் எடிட்டருக்கு ஒரு பொதி எழுதி, அதனைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பிக்க முற்படுகிறவர், பிறர் எழுதிய நூலகங்களைத் தம் பொதிக்குள்ளேயே பிரதியெடுத்து வைத்துக்கொள்வதா, அன்றி அவற்றின் பெயரை மட்டும் முகப்பில் குறித்து, பயனரின் கணினியே அவற்றைத் தருவித்துக்கொள்ளுமாறு விட்டுவிடுவதா என்ற வினாவைத் தொடக்கத்திலேயே சந்திக்கிறார். 2012இல் வெளிவந்த 24ஆம் பதிப்பில் பொதி மேலாளர் இடம்பெற்ற பின்னர், இரண்டாவது வழியே சம்பிரதாயமாகிவிட்டது.

இதன் நியாயம் ஈமாக்ஸ் லிஸ்ப் மொழியின் சுபாவத்திலேயே இருக்கிறது. அம்மொழியில் பெயர்வெளி என்பதே கிடையாது. அதனால் ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் அருகருகே வாழ இயலாது. ஆகவே, டாஷ் என்னும் நூலகத்தின் பழம் பிரதியொன்றை ஒருவர் தம் பொதிக்குள் வைத்திருந்து, அது முதலில் ஏற்றப்பட்டுவிட்டால், நூலகம் வந்தாயிற்று என்றே ஈமாக்ஸ் கருதிப் புதிய பிரதியைத் தேடாமல் விட்டுவிடும். புதியதை நம்பியிருந்த வேறொரு பொதி, செயற்கூறுக்கு வரையறையே இல்லை என்ற பிழைச்செய்தியோடு நடுவழியில் நின்றுவிடும். பயனரின் முறையீடும் அந்த நிரபராதியான பொதியின் ஆசிரியருக்கே போய்ச் சேரும். இந்த அநீதி ஒன்றே பிரதியெடுக்கும் வழக்கத்தைக் கைவிடப் போதுமான காரணம் என்பது என் கருத்து.

ஆயினும், பெயரை அறிவிக்கும் முறையிலும் பெருங்குறை உண்டு. முகப்பில் ‘டாஷ் 2.19’ என்று எழுதினால், குறைந்தபட்சம் அப்பதிப்பு வேண்டும் என்பதே அதன் பொருள். அதற்கு மேற்பட்டது வேண்டாம் என்று சொல்ல அங்கு இடமே இல்லை. மெல்பா என்னும் பொதிக் களஞ்சியமோ தேதியையே பதிப்பெண்ணாக இடுவது. 2024 ஜனவரி 3ஆம் நாளின் மாற்றம் 20240103 என்று தொடங்கும். அவ்வெண்ணின் முன்னே 2.19 மட்டுமன்று, 99 என்று எழுதினாலும் நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. ஆசிரியர் சிரத்தையோடு சோதித்து எழுதிய எண் வெறும் சடங்காகிப் போக, நூலகக்காரர் நேற்றிரவு செய்த மாற்றம் இன்று பயனரின் வாசலில் வந்து நிற்கிறது. வெளியீட்டு எண்களை மதிக்கும் மெல்பா ஸ்டேபிள் இதற்கு ஓரளவு பரிகாரம்.

குனு எல்பா என்னும் மற்றொரு களஞ்சியத்தின் நியதி இதனினும் கடுமையானது. அங்குள்ள பொதி, ஈமாக்ஸையோ அக்களஞ்சியத்தின் பிற பொதிகளையோ அன்றி வேறெதையும் சார்ந்திருத்தல் ஆகாது. பதிப்புரிமைப் பத்திரத்தில் கையொப்பமும் வேண்டும். நல்ல நூலகங்கள் சில இதனால் எட்டாமற் போவது உண்மையே. ஆனால் இரவல் உண்மையில் அவசியந்தானா என்று இந்நியதி ஆசிரியரைக் கேட்க வைக்கிறதே, அதனை நான் பெரிதும் மதிக்கிறேன். சொற்றொடரின் இருபுறத்து வெற்றிடத்தை நீக்கும் செயற்கூறு 2014இல் வந்த 24.4ஆம் பதிப்பிலேயே இருக்க, அதற்கென ஒரு நூலகத்தை வரவழைப்பானேன்? இத்தகைய சிறு இரவலின் ஆபத்துக்குச் சான்றும் உண்டு: 2016இல் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி நிரல், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து விலக்கப்பட்டபோது, அதனைத் தாங்கியிருந்த எண்ணற்ற மென்பொருள்களின் கட்டுமானம் ஒரே நாளில் தடைப்பட்டது.

ஈமாக்ஸுக்குள்ளே கிடைக்காத ஒரு சிறு செயற்கூறு மட்டும் வேண்டுமெனில் பிரதியெடுத்தலை நானும் அனுமதிப்பேன். அப்போது அதன் பெயரின் முன் தம் பொதியின் முன்னொட்டைச் சேர்த்து, மூல ஆசிரியரின் உரிமக் குறிப்பையும், எடுத்த பதிப்பையும் தேதியையும் அதன் தலைப்பில் எழுதிவைத்தல் வேண்டும். ஏனெனில், மூலத்தில் பின்னர் செய்யப்படும் பிழைத்திருத்தம் பிரதிக்குத் தானாக வந்து சேராது.