எடை குறைந்த இன்பம்

1989ஆம் ஆண்டு சிகாகோ மோட்டார் கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, மடக்கக்கூடிய கூரையும் இரண்டே இருக்கைகளும் உடைய, 'ரோட்ஸ்டர்' எனப்படும் திறந்தவகைக் கார். ஒரு டன்னுக்கும் குறைந்த எடை கொண்ட அதன் முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 115 குதிரைத்திறனையே தந்தது. எனினும், முன்னே அமைந்த எஞ்சின் பின்சக்கரங்களை இயக்குவதாலும், இரு அச்சுகளின் மீதும் எடை ஏறக்குறையச் சமமாகப் பகிரப்படுவதாலும், ஸ்டியரிங்கின் சிறு அசைவுக்கும் வண்டி உடனே இணங்குகிறது. பெருந்திறன் கார்கள் பொதுச்சாலையில் தம் ஆற்றலின் பெரும்பகுதியை அடக்கியே ஓட வேண்டியிருக்க, இதுவோ சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே கியர் மாற்றும் சுகத்தை முழுமையாக அளிக்கிறது (பெட்டி படுக்கையோடு பயணிப்போர் வேறு வண்டி பார்க்கலாம்). ஓட்டி மகிழக் கார் தேடுவோர் குதிரைத்திறனுக்கு முன் எடையைப் பார்ப்பதே தகும்.