கொம்பு முளைத்த குழந்தைகள்

உளநூலின் அரிச்சுவடி கற்கப் புகும் இளைஞனுக்கு ஓர் ஏட்டைக் காட்டுகிறேன். எழுதியவர் எளியவரல்லர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உளநூல் துறையின் தலைவராக விளங்கியவர். 1946இல் அந்நாட்டு உளநூலார் சங்கத்துக்கே தலைமை தாங்கியவர். ஹென்றி காரெட் என்பது பெயர். 'பொது உளநூல்' எனும் அவரது பாடநூலின் 1955ஆம் ஆண்டுப் பதிப்பில், மரபின் ஆற்றலை விளக்க ஒரு படம் இருக்கிறது.

படத்தின் நடுவே ஒரு மனிதன். ஒருபுறம் அவன் மணந்த நற்குடிப் பெண். அவள் வழி வந்தோர் அனைவரும் ஒழுக்கமும் ஒளியும் நிறைந்த முகத்தினர். மறுபுறம் அவன் கூடிப் பிரிந்த சத்திரத்துப் பணிப்பெண். அவள் வழி வந்தோருக்கோ பேய்முகம். தலைமுடி கொம்பெனச் சுருண்டு நிற்கிறது! புராணப் படமல்ல தோழர்களே, பல்கலைக்கழகப் பாடநூல்!

இந்தக் கதைக்கு மூலம், ஹென்றி காடர்ட் என்பார் 1912இல் வெளியிட்ட 'கல்லிகாக் குடும்பம்' எனும் நூல். நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லாந்தில், மந்த அறிவினர் எனப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளியில் ஆய்வு நடத்தியவர் அவர். 'கல்லிகாக்' அவர் புனைந்த பெயர். நன்மை, தீமை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து ஆக்கியது. பெயர் சூட்டும்போதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது!

கணக்கைப் பாருங்கள். பணிப்பெண்ணின் வழியினர் 480 பேர். அவர்களில் 143 பேர் மந்த அறிவினராம்; 46 பேர் இயல்பானவராம். எஞ்சிய 291 பேர்? தெரியாதவர், ஐயத்துக்குரியவர் என்று அவரே எழுதுகிறார். பாதிக்கு மேற்பட்டோரைப் பற்றி ஏதுமறியாமல் ஒரு குலத்துக்கே குற்றப் பத்திரிகை வாசிப்பதுதான் ஆராய்ச்சியா?

சரி, அந்த 143 பேரை எப்படி அளந்தார்கள்? உதவியாளர் வீடு வீடாகச் சென்றார். முகத்தைப் பார்த்தார், குடிசையைப் பார்த்தார், அண்டை அயலாரைக் கேட்டார், முடிவு கட்டினார். நூறாண்டுக்கு முன் மறைந்த, பெயரும் தெரியாத பணிப்பெண்ணின் அறிவையும் அளந்துவிட்டனர்! ஒரு கிளைக்கு நிலமும் பள்ளியும் வாய்த்தன. மறு கிளைக்கு வறுமையே வாய்த்தது. இரண்டையும் ஒப்பிட்டு, வேற்றுமைக்குக் காரணம் குருதியே என்றால், வறுமை செய்த வேலையைக் குருதியின் கணக்கில் எழுதுவதன்றி வேறென்ன? பின்னாளில் பழைய பதிவேடுகளைத் துருவியோர் கண்டது மேலும் வியப்பானது. அந்தப் 'பணிப்பெண்ணின் மகன்' முறைப்படி மணந்த வேறொரு பெற்றோரின் பிள்ளை! கதையின் ஆணிவேரே இல்லை.

இந்தக் கதைக்கு விலை கொடுத்தவள் ஒரு பெண். காடர்ட் அவளுக்கு டெபோரா என்று பெயரிட்டார். எட்டு வயதில், 1897இல், வைன்லாந்துக்கு வந்தாள். தைத்தாள், மரத்தில் சிற்பவேலை செய்தாள், கார்னெட் எனும் இசைக்கருவி ஊதினாள். இவற்றையெல்லாம் எழுதிய அதே நூல்தான் அவளை மந்த அறிவினள் என்றது. 1978இல் இறக்கும்வரை, 81 ஆண்டுகள், காப்பக வாழ்வே அவள் வாழ்வாயிற்று. சோதனைத்தாளின் மதிப்பெண் பெரிதா, அவள் கைவண்ணம் பெரிதா என்று கேட்பாரில்லை.

கடலுக்கு அப்பாலும் பரவியது நஞ்சு. ஜெர்மானிய மொழியில் 1914இல் வந்த அந்நூல் 1933இல் மறுபடி அச்சேறியது. இட்லரின் அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியதும் அதே ஆண்டில்தான்.

காடர்ட் 1928இல் தம் கருத்தில் பெரும்பகுதியை மாற்றிக்கொண்டார். மந்த அறிவு தீராக் குறையன்று, அவர்களை அடைத்துவைக்கத் தேவையுமில்லை என்றார். ஆசிரியரே பின்வாங்கி 27 ஆண்டுகள் கழித்துக் காரெட் அதே கதைக்குக் கொம்பு வரைந்தார்! ஏன்? 1952இல் வர்ஜீனியாவில், கறுப்பின மாணவரைத் தனிப்பள்ளியில் ஒதுக்கும் முறைக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர் இவர் என்றறிந்தால், ஏன் என்பது விளங்கும்.

மரபுக்கு ஆற்றலே இல்லை என்பதன்று நம் வாதம். அறிவுச் சோதனையை 1905இல் சைமனுடன் இணைந்து வகுத்த பிரான்சு நாட்டு பினே, பின்தங்கிய குழந்தைக்கு உதவவே அதனை வகுத்தார். அறிவு மாறாத அளவு என்போரை 1909இல் கண்டித்தும் எழுதினார். கைதூக்கிவிட அவர் செய்த கருவியைத்தான் காடர்ட் முத்திரை குத்தப் பயன்படுத்தினார்.

தலையெழுத்து என்று சோதிடன் சொன்னால் சிரிக்கிறோம். குருதியின் எழுத்து என்று பேராசிரியர் சொன்னால் கைகட்டிக் கேட்பதா? எப்படி அளந்தாய்? யாரை யாரோடு ஒப்பிட்டாய்? வேறு காரணம் உண்டா என்று தேடினாயா? இம்மூன்று கேள்விகளே உளநூலின் உண்மையான அரிச்சுவடி. பாடநூலைப் புரட்டும் இளைஞனே, பக்கத்துக்குப் பக்கம் கேள்!