அண்டங்காக்கையின் கறுப்பு

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் இறைச்சிக்கடைப் பக்கம் வந்து உட்காரும் அண்டங்காக்கையை நின்று பார்ப்பவர்கள் குறைவு. சாம்பல் கழுத்துள்ள ஊர்க்காக்கையின் அருகே இது உச்சி முதல் வால் வரை ஒரே கறுப்பு. சாய்வெயில் பட்டால் சிறகில் நீலமும் ஊதாவும் ஓடும். தடித்த அலகின் மேல்பாதி நன்றாக வளைந்திருக்கும். குரல் அடித்தொண்டைக் கரகரப்பு.

கூடுதான் அதன் கைவேலை. உயர்ந்த மரக்கவட்டில் சுள்ளிகளைக் கோத்து, கிடைத்தால் கம்பியும் செருகி, நடுவே தேங்காய் நாரும் முடியும் வைத்துக் குழிக்கும். வெளியே குத்தும் கூடு, உள்ளே எவ்வளவு மிருது! நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி தெளித்த 3 முதல் 5 முட்டைகள். குயில் தன் முட்டையை அவற்றோடு சேர்த்துவிட்டாலும் அடைகாத்து, பொரிந்த குஞ்சுக்கும் அதே அக்கறையோடு இரை ஊட்டும்.